மலைவழிப் பயணத்தில் சிராவகர் உணவு

(அறக்கட்டளை விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

பயணத்தில் உண்ணத்தக்கன எவை, பருகத்தக்கன எவை என்பது இன்றைய பொருள். கேட்ட அளவில் எளிய பொருளாகத் தோன்றும். ஆயினும், கோடை விடுமுறை நெருங்கும்போது தமிழ் ஜைன இல்லங்களில் எழும் பேச்சைக் கேட்டவர் இதனை எளிதென்று தள்ளிவிடார். "அங்கே என்ன கிடைக்கும்? பொழுது சாய்வதற்குள் சோறு கிடைக்குமா?" என்று பாட்டி கேட்கிறார். "நான்கு நாட்களுக்கு மட்டும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?" என்று பேரன் மறுமொழி தருகிறான். முடிவில், முதியோர் விரதத்தின் பொருட்டுப் பயணத்தை விட்டுவிடுகின்றனர்; இளையோர் பயணத்தின் பொருட்டு விரதத்தை விட்டுவிடுகின்றனர். ஒரே குடும்பம் இரண்டாகப் பிரிந்துபோகிறது. இவ்விரண்டுக்கும் இடையே ஒரு நல்ல வழி உண்டு. அவ்வழி தமிழ் மண்ணில் மிகப் பழையது. நீலகிரியிலுள்ள கிளென்மார்கன் என்னும் இடத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு அதனைக் காண்பது தகும்.

முதலில் பழமையைக் காண்போர் சிலப்பதிகாரத்திற்குச் செல்ல வேண்டும். கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளின் துணையோடு மதுரையை அடைகின்றனர். கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர் முதுமகளாகிய மாதரியிடம் அடைக்கலமாகத் தருகிறார். வந்த விருந்தினன் சாவக நோன்பி என்பதை மாதரி அறிந்துகொள்கிறாள். பகற்பொழுதில் உண்ணும் உணவை ஆக்குவதற்கு வேண்டிய நல்ல கலங்களைக் கொடுங்கள் என்று தன் இல்லத்தாரிடம் கூறுகிறாள். ஆய்ச்சியர் கொணர்ந்து தந்த பொருள்களை இளங்கோவடிகள் வரிசையாகச் சொல்கிறார்: பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், சாலி நெல்லின் அரிசி, அவர்தம் ஆவின் பயன். இப்பட்டியலைக் கூர்ந்து நோக்கினால், மண்ணைத் தோண்டி எடுத்த பொருள் ஒன்றுகூட அதில் இல்லை என்பது விளங்கும். தேனும் இல்லை. ஆயர்பாடியின் மிகச் சிறந்த விளைபொருள் அனைத்தும் இருக்கின்றன. விருந்தினன் தன் நோன்பை மறைக்கவில்லை. விருந்தளித்தவள் அதனைச் சுமையாகக் கருதவில்லை. ஊரின் நல்லுணவையும் உண்டான், விரதத்தையும் காத்தான். பயண உணவுக்கு இதனினும் சிறந்த இலக்கணம் வேண்டுவதில்லை.

இவ்விலக்கணத்தோடு நீலகிரிக்கு ஏறலாம்.

கிளென்மார்கன், உதகையிலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவில், கூடலூர்ச் சாலையிலிருந்து பிரிந்து செல்லும் வழியில் உள்ளது. பழமையான தேயிலைத் தோட்டம், அதனை ஒட்டி ஒரு சிறு நீர்த்தேக்கம், அப்பால் மலை திடீரென்று சரிந்து மோயாற்றுப் பள்ளத்தாக்கையும் முதுமலைக் காட்டையும் காட்டும் விளிம்பு. பைக்காரா நீர் இத்தேக்கத்திலிருந்து இராட்சதக் குழாய்கள் வழியே ஏறத்தாழ மூவாயிரம் அடி இறங்கிச் சிங்காரா மின்நிலையத்தை அடைகிறது. 1932 முதல் அங்கே மின்சாரம் எடுக்கப்படுகிறது. குழாய்களை ஒட்டிய சரிவில் ஏறி இறங்கும் விஞ்ச் வண்டி மின்வாரியத்தாரின் பயன்பாட்டுக்கு உரியது. அப்பகுதிக்குள் செல்ல அனுமதி வேண்டும். இங்கே பெருநகர உணவகங்களைத் தேடுவதில் பயனில்லை. தேயிலையும், பனியும், காய்கறிப் பாத்திகளும், எருமை மேயும் புல்வெளிகளும் சூழ்ந்த இடம். உணவு எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்ணால் காண்பதற்கு இதைப்போல் வாய்ப்பான இடம் அரிது.

முதற்கண் தேநீர். இளந்தளிராகிய இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளப்பட்டு ஆலைக்கு வருகின்றன. அவை காற்றில் வாட்டப்படுகின்றன; பின்னர் உருட்டிக் கசக்கப்படுகின்றன; பரப்பி வைக்கப்படுகின்றன; இறுதியில் வெப்பக் காற்றில் உலர்த்தப்பட்டுச் சலித்துத் தரம் பிரிக்கப்படுகின்றன. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நான்கு முதல் ஐந்து கிலோ பச்சை இலை வேண்டும். பரப்பி வைக்கும் நிலையை ஆலைகளில் 'நொதித்தல்' என்று வழங்குகின்றனர். இச்சொல்லைக் கேட்டு ஐயுறும் சிராவகர் உளர். கள்ளும் மதுவும் நொதிப்பது நுண்ணுயிர்களால். தேயிலை நிறம் மாறுவதோ, கசங்கிய இலையின் சாறு காற்றோடு கலப்பதனால். நறுக்கி வைத்த வாழைக்காய் கறுப்பதைப் போன்றது அது. ஆகவே மது விலக்கிய நோன்பிக்கு இவ்வகையில் தேநீரால் இடையூறில்லை.

நீலகிரித் தேயிலை 2008-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான உறைபனிக் காலத்தில் செடி மெல்ல வளர்வதால், அப்போது கிள்ளிய இலையில் மணம் மிகுகிறது. உறைபனித் தேயிலை எனப்படும் அதனைப் பாலின்றி, சர்க்கரையின்றி ஒரு முறை பருகிப் பார்ப்பது நன்று. சாலையோரக் கடையில் பாலும் சர்க்கரையும் கூட்டிக் கொதிக்க வைத்த தேநீருக்கும், முழு இலையை வெந்நீரில் மூன்று நிமிடம் ஊறவைத்து வடித்த தேநீருக்கும் உள்ள வேறுபாட்டை அப்போது நாவே அறியும்.

கடைக்காரர் "இஞ்சி தட்டிப் போடட்டுமா?" என்று கேட்பார். இங்கேதான் ஒரு பழைய நூல் துணைக்கு வருகிறது. சமந்தபத்திரர் இயற்றிய ரத்னகரண்ட சிராவகாசாரம், நுகர்பொருளுக்கு அளவு வகுத்துக்கொள்ளும் விரதத்தைக் கூறுமிடத்தில், பலன் சிறிதாகவும் உயிர்க்கேடு பெரிதாகவும் உள்ள பொருள்களை விலக்கச் சொல்கிறது. முள்ளங்கி, ஈரமான இஞ்சி, வெண்ணெய், வேப்பம்பூ, தாழம்பூ ஆகியவற்றை எடுத்துக்காட்டாகத் தருகிறது. 'ஈரமான இஞ்சி' என்ற சொல் கருதத்தக்கது. உலர்ந்த சுக்கு அவ்விலக்கில் வரவில்லை. ஆகவே, பச்சை இஞ்சிக்கு மாற்றாகச் சுக்கும் ஏலமும் சேர்த்த தேநீரைக் கேட்டுப் பெறலாம். மலைக்குளிரில் அதன் இதம் இஞ்சித் தேநீருக்குக் குறைந்ததன்று. காப்பியிலும் இத்தகைய நுட்பம் ஒன்று உண்டு. கடைத் தூளில் கலக்கும் சிக்கரி ஒரு செடியின் வேரை உலர்த்தி வறுத்து அரைத்தது. உலர்ந்தது என்பதனால் சுக்கைப்போல் ஏற்போரும் உண்டு; வேர் என்பதனால் விலக்குவோரும் உண்டு. விலக்குவோர் 'சிக்கரி கலவாத தூள்' என்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கூடலூர்ப் பக்கத்திலும் கோத்தகிரிச் சரிவுகளிலும் காப்பி விளைகிறது.

தேநீர்க் கோப்பைக்குப் பின்னால் உள்ள கைகளையும் நினைத்தல் தகும். 1964-ஆம் ஆண்டு இந்திய இலங்கை ஒப்பந்தத்தால் தாயகம் திரும்பிய மலையகத் தமிழர் பலர் நீலகிரியில் குடியமர்ந்தனர். அவர்களுக்கு வாழ்வளிக்க 1968-இல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டமே பின்னர் டான்டீ நிறுவனமாயிற்று. இத்தோட்டங்கள் எழுவதற்கு முன் சோலைக்காடும் புல்வெளியும் இருந்தன என்பதும் உண்மை. அஹிம்சையைப் போற்றுவோர் பருகும் தேநீரும் முற்றிலும் தீங்கற்றதன்று. இல்லறத்தார்க்கு முழுமையான விலக்கு இயலாது என்பதனாலேயே அளவு என்ற விரதம் வகுக்கப்பட்டது.

அடுத்து, காய்கறி. நீலகிரிக்குச் செல்லும் ஜைனப் பயணிக்கு ஒரு வேடிக்கையான இடர்ப்பாடு உண்டு. இம்மலையின் புகழ்பெற்ற விளைபொருள்களுட் பல கந்தமூலங்களே: உருளைக்கிழங்கு, கேரட், பீட்ரூட், முள்ளங்கி, டர்னிப், பூண்டு. உணவகத்தில் 'மலைக்காய்கறிக் குருமா' என்று வருவதில் பாதி மண்ணுக்கு அடியில் விளைந்தது. ஆனால் மறுபாதி மண்ணுக்கு மேலே விளைகிறது என்பதையே பலர் மறந்துவிடுகின்றனர். பீன்ஸ், பச்சைப் பட்டாணி, அவரை, பட்டர் பீன்ஸ், மேராக்காய், முட்டைக்கோஸ், கீரைவகை என அப்பட்டியல் நீளும். நூல்கோல் பார்வைக்குக் கிழங்கைப்போல் இருந்தாலும், அது மண்ணுக்கு மேலே பருத்து நிற்கும் தண்டு. டர்னிப்போடு அதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. காலிஃபிளவரிலும் முட்டைக்கோஸிலும் புழு மறைந்திருக்கக் கூடும். ஆராய்ந்து நறுக்குதல் இல்லத்து அடுக்களையில் இயலும், அவசர உணவகத்தில் இயலாது. வெளியில் உண்ணும்போது பீன்ஸையும் பட்டாணியையும் கேட்பது பாதுகாப்பானது.

கந்தமூலம் விலக்குவதற்கு மலையில் மற்றொரு காரணமும் புலப்படும். செங்குத்தான சரிவில் கிழங்கைத் தோண்டும்போது மண் இளகுகிறது. அடுத்த பெருமழை அதனை அடித்துச் செல்கிறது. நீலகிரியின் மண்ணரிப்பை ஆராய்வதற்கென்றே உதகையில் 1954 முதல் ஒரு மைய அரசு ஆய்வு நிலையம் இயங்கி வருகிறது. எனினும், கிழங்கு பயிரிடும் சிறு விவசாயியை இழிவாக எண்ணுதல் அறமாகாது. அது அவர் பிழைப்பு. அவரிடமே பீன்ஸையும் பட்டாணியையும் விலைகொடுத்து வாங்குதல் விரதத்தையும் காக்கும், அவர் உழைப்பையும் மதிக்கும்.

மலைமக்களின் உணவு இன்னும் சுவையான பாடம். கிளென்மார்கனைச் சூழ்ந்த புல்வெளிகள் தோடர் எருமைகள் மேய்ந்த நிலம். தோடர் மரபாகப் புலால் உண்ணாதவர். பாலும் மோரும் நெய்யும் மோரில் வெந்த சோறும் அவர்தம் உணவு. பால் கடையும் இல்லமே அவர்களுக்குக் கோயில். அதனுள் அயலார் நுழைதல் கூடாது. மதுரை ஆயர்பாடியில் கோவலன் பெற்ற விருந்தை எண்ணிப் பார்ப்போர்க்கு இம்மக்கள் அயலாராகத் தோன்றார். அவர்கள் அன்போடு மோர் தந்தால் பகற்பொழுதில் ஏற்கலாம். வெண்ணெய் தந்தால், அது உருக்கிய நெய்யாக இருப்பின் ஏற்பதாகப் பணிவுடன் கூறலாம். கடைந்தெடுத்த வெண்ணெயைக் காலம் தாழ்த்தாது உருக்கிவிட வேண்டும் என்ற ஜைன மரபு இல்லறத்தார் அறிந்ததே.

படுகர் இல்லங்களில் 'ஹிட்டு' எனப்படும் கேழ்வரகுக் களியும், அவரைப் பயறு இட்ட 'உதக்க' என்னும் குழம்பும் நாள்தோறும் உண்ணும் உணவு. உதக்கவில் உருளைக்கிழங்கும் சேர்ப்பதுண்டு. முன்னரே சொன்னால் அவரை மட்டும் இட்டுச் சமைப்பது அரிதன்று. குறும்பரும் இருளரும் பாறையிடுக்குகளிலும் மரங்களிலும் எடுக்கும் மலைத்தேன் நீலகிரியெங்கும் விற்கப்படுகிறது. அவர்தம் துணிவும் திறமும் வியக்கத்தக்கவை. ஆயினும் மது, மாமிசம், தேன் ஆகிய மூன்றும் சிராவகர்க்கு முதல் விலக்கு. வழியில் எவரேனும் தேன் கலந்த பானம் நீட்டினால், கைகூப்பி மறுப்பது போதும். எடுப்போரைக் குறைகூறும் சொல் வேண்டுவதில்லை.

பழங்களைப் பொறுத்தவரை நீலகிரி தாராளமானது. கோடையில் பிளம்ஸும் பீச்சும், அதன்பின் பேரிக்காயும் சந்தைக்கு வருகின்றன. மலைமக்கள் 'தாட்பூட்' என்று செல்லமாக வழங்கும் பழத்தின் புளிப்பினிப்புச் சாறு களைப்பைப் போக்கும். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் வழியில் உள்ள பர்லியாறு, மங்குஸ்தான் பழத்துக்குப் பெயர் பெற்றது. குன்னூரில் தோட்டக்கலைத் துறையினர் பழச்சாறும் பழப்பாகும் செய்து விற்கின்றனர். இங்கே இரண்டு எச்சரிக்கைகள் போதும். அத்தி முதலான ஐந்து உதும்பரப் பழங்கள் விலக்கு. பெயரறியாக் காட்டுப் பழத்தை உண்ணலாகாது என்பது மற்றொரு மரபு. தவிட்டுப்பழம் போன்றவற்றை மலைமக்கள் விரும்பி உண்பர். அவர்கள் காட்டி, பெயர் சொல்லித் தந்தால் அன்றிப் பயணி தானாகப் பறித்து வாயிலிடுதல் ஆபத்து.

கடைத்தெருப் பொருள்களுள் வர்க்கி முதன்மையானது. விறகடுப்பில் சுட்ட அதன் அடுக்கு மொறுமொறுப்பு தேநீருக்கு நல்ல துணை. 2023-இல் அதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. மைதாவும் சர்க்கரையும் நெய்யோ எண்ணெயோ சேர்த்து, இரவு முழுதும் புளிக்க வைத்த உறைமாவைக் கூட்டி அதனைச் செய்கின்றனர். புளித்த மாவை விலக்கும் நோன்புடையோர் இதனை அறிந்து முடிவுசெய்க. வீட்டில் செய்ததாக விற்கப்படும் சாக்லேட்டுகளில் சில வகை மதுச்சுவை ஊட்டியவை. சிலவற்றில் முட்டையோ விலங்கெலும்புப் பசையோ சேர்வதுண்டு. உறையிலுள்ள பச்சைப் புள்ளியைப் பார்த்தால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். சட்டத்தின்படி தேன் சேர்ந்த பொருளுக்கும் பச்சைப் புள்ளி இடலாம். ஆகவே புள்ளியோடு நில்லாமல், சேர்பொருள் பட்டியலையும் படித்தல் வேண்டும். 'ஜெயின் உணவு கிடைக்கும்' என்ற பலகை உதகையில் ஆங்காங்கே காணப்படும். அங்கும் ஒருமுறை வாய்விட்டுக் கேட்டுக்கொள்வதே நலம்.

இனிக் காலமும் நீரும். இரவுண்ணாமை மலையில் கைகூடும். திட்டம் மட்டும் வேண்டும். மார்கழியில் ஆறு மணியளவிலும், கோடையில் ஆறே முக்கால் மணியளவிலும் கதிரவன் மறைகிறான். மூடுபனி அதற்கு முன்னரே பொழுதை மயக்கிவிடும். கிளென்மார்கனிலிருந்து மூன்று மணிக்குப் புறப்பட்டால் ஐந்து மணிக்குள் உதகையில் இரவுணவுக்கு ஈடான உணவை முடித்துவிடலாம். சென்னையிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் நீலகிரி விரைவு வண்டி இரவில் புறப்படுவதால், வீட்டிலேயே மாலையுணவை முடித்து ஏறுதல் எளிது. கோடையில் செல்வோர் 2024 மே முதல் நடைமுறையில் உள்ள மின் அனுமதிச் சீட்டை முன்னரே பெறுக. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் குடிநீர்ப் புட்டிகள் நீலகிரியில் தடைசெய்யப்பட்டுள்ளன. காய்ச்சி வடிகட்டிய நீரை எவர்சில்வர் குடுவையில் கொண்டுசெல்லும் பழக்கம் உடைய ஜைன இல்லத்தார்க்கு இத்தடை ஒரு சுமையே அன்று. ஓடையில் தெளிந்து ஓடும் நீரும் வடிகட்டாத நீரே என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தல் வேண்டும்.

மதிய உணவுக்குக் கட்டுச்சோறே கிளென்மார்கனுக்கு ஏற்றது. அன்று விடியலில் ஆக்கிய புளியோதரை, எலுமிச்சைச் சோறு, பருப்புத் துவையல், பொரித்த அப்பளம், பொருள்விளங்கா உருண்டை ஆகியவை போதும். முதல்நாள் ஆக்கியதும், சுவை திரிந்ததும் ஆகா. உண்டபின் இலையையும் மிச்சத்தையும் அங்கேயே எறிந்து வருதல் காட்டு விலங்குகளுக்குத் தீங்கு. கட்டி எடுத்து வருதலும் அஹிம்சையின் பகுதியே.

பெரியோர்களே, இவ்வளவும் கேட்டு, "இத்தனை விலக்கோடு பயணத்தில் என்ன இன்பம்?" என்று இளையோர் வினவலாம். அவர்களுக்கும் அந்நூலே விடை தருகிறது. ரத்னகரண்டமும், அதன் வழியில் தமிழில் அமைந்த அருங்கலச்செப்பும் இல்லறத்தார் நெறியைப் படிப்படியாக வகுக்கின்றன. சமந்தபத்திரர் வாழ்நாள் முழுதும் கொள்ளும் விரதத்தை யமம் என்றும், கால எல்லையோடு கொள்ளும் விரதத்தை நியமம் என்றும் பிரிக்கிறார். ஒரு பகல், ஓர் இரவு, ஒரு பக்கம், ஒரு மாதம், ஒரு பருவம், ஆறு மாதம் என அதன் கால அளவைச் சொல்கிறார். வாழ்நாள் விரதம் கொள்ளாத இளைஞன் புறப்படும் காலையில், "இந்த நான்கு நாட்களும் பொழுது சாய்ந்தபின் உண்ணேன்" என்றோ, "மண்ணுக்கு அடியில் விளைந்ததை இப்பயணம் முடியும்வரை தொடேன்" என்றோ ஒரு நியமம் கொள்ளலாம். தானே தேர்ந்த ஒரு விரதத்தைக் காத்துத் திரும்பிய மனநிறைவு, பிறர் சொல்லி ஏற்ற பத்து விலக்குகளினும் வலியது. அவ்வாறு செல்லும் பேரனோடு பாட்டியும் அச்சமின்றி மலையேறலாம்.

எவ்வுணவும் எங்கே விளைந்தது, எவ்வாறு ஆயிற்று, அதனால் எவ்வுயிர் நொந்தது என்று கேட்டு உண்பவன், கேளாது உண்பவனைவிட ஊரை நன்றாக அறிந்து திரும்புகிறான். தேயிலையின் மணமும், சுக்கின் காரமும், அவரையின் கட்டிச் சுவையும், பேரிக்காயின் குளிர்ச்சியும் அவனுக்கு மலையின் வரலாற்றையே கூறிவிடும். ஆயர்பாடியில் கோவலனுக்குக் கிடைத்த விருந்தினும் இது குறைந்ததன்று.

எவ்வுயிர்க்கும் நலம் பெருகுக. அறம் தழைத்து ஓங்குக.